வெயிலாச்சி வீட்டுக்கு வா

வெள்ளைத்திட்டு உப்பளத்தில் வேலை பார்த்துவந்த பிரம்மசக்தி, தன் ஒரே மகள் வெயிலாச்சியின் காரியம் முடிந்த மறுநாளே பாத்தியில் இறங்கிவிட்டாள். வீட்டுக்குள் இருந்தால் சுவர் என்னைப் பார்க்கிறது என்று அவள் சொன்னதற்கு அவள் புருஷன் முத்தையா மறுப்புச் சொல்லவில்லை. அவனையும் அந்தச் சுவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பிள்ளை காய்ச்சலில் போனது. காய்ச்சல் கண்ட அன்று காலையில், காலில் கிடந்த கொலுசில் ஒன்றைத் தொலைத்துவிட்டு வாசலில் வந்து நின்றவளை, அது கிடைக்காமல் வீட்டுக்குள் காலெடுத்து வைக்காதே என்று பிரம்மசக்தி விரட்டியிருந்தாள். கண்ணைப் பிடுங்கும் வைகாசி வெயிலில், வெள்ளை வெளேரென்று மின்னும் பாத்திகளுக்கு நடுவே, வரப்பு வரப்பாகக் குனிந்து தேடி நடந்த பிள்ளை, பொழுது சாய ஒற்றைக் கொலுசோடு திரும்பியபோது உடம்பு அடுப்பாகக் கொதித்தது. அதற்குப் பிறகு அது கண்ணைத் திறந்து பேசவே இல்லை.

அன்றைக்கு மதியம் உப்பு வாரும் பலகையை இழுத்துக்கொண்டிருந்த பிரம்மசக்தியின் வாயிலிருந்து, சாப்பாட்டு நேரம் வந்ததும், அவள் ஒன்றும் நினைக்காமலேயே, பிள்ளையைக் கூப்பிடும் குரல் வந்தது. எப்போதும் கூப்பிடுகிற குரல்தான், ஆனால் பலகை இழுபடும் நேரத்துக்கு அது நீண்டது, பலகை திரும்பும் இடத்தில் அது வளைந்தது, வளைந்த இடத்தில் ஒரு அழுகை உட்கார்ந்துகொண்டது, அழுகையை மிதித்து ஏறி அது மறுபடியும் முதலுக்கே வந்து நின்றது.

வெயிலாச்சி வெயிலாச்சி வீட்டுக்கு வா
வெளைஞ்ச உப்பு வாரியாச்சு வீட்டுக்கு வா
ஒத்தக் கொலுசு தேடினது போதும் தாயி
உலையரிசி வெந்திருக்கு வீட்டுக்கு வா

பக்கத்துப் பாத்திப் பெண்கள் பலகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கேட்டவர்கள் அழவில்லை, அழுவதற்கு முன்பே வெயிலாச்சி வந்துவிட்டாள். காய்ச்சலுக்கு முன்பு போட்டிருந்த அதே பச்சைப் பாவாடையோடு, கிழக்கு வரப்பில் ஒற்றைக் கொலுசு சத்தம் கேட்க நடந்துவந்து, அம்மாவின் தூக்குச்சட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து, “கொலுசு கெடைக்கலம்மா” என்றாள்.

“கெடைக்காட்டி போகுது” என்றாள் பிரம்மசக்தி. “அம்மா கோவத்துல சொல்லிட்டேன். நீ சாப்பிடு.”

பிள்ளை சாப்பிடவில்லை, சோற்றின் வாசனையை மட்டும் பிடித்தது. பாட்டு அடங்கிய பிறகும், பாடியவள் மனம் அதை விட்டு வேறு பக்கம் திரும்பும்வரைக்கும் இருந்தது; கணக்கப்பிள்ளை சிவஞானம் வந்து, பிள்ளைகளைப் பாத்திப் பக்கம் கூட்டிவரக் கூடாது என்று முதலாளி சொல்லியிருக்கிறாரே என்று கேட்க, பிரம்மசக்தி அவருக்குப் பதில் சொல்லத் திரும்பியபோது அங்கே யாரும் இல்லை. வந்திருந்தது யார் என்று பெண்கள் சொன்ன பிறகு சிவஞானம் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, “சரி, வரப்புலேயே உக்காரச் சொல்லு, உப்புல எறங்க வேண்டாம், கால்ல புண்ணு வரும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படியாக அது தினமும் நடக்கிற காரியமாயிற்று. உப்பளத்துப் பெண்கள் ஆளுக்கொரு நாள் பிள்ளைக்கு ஏதாவது கொண்டுவந்தார்கள், பனங்கிழங்கோ கருப்பட்டித் துண்டோ, அது மோந்து பார்த்துவிட்டு வைத்ததை அவர்களே பங்கிட்டுத் தின்றார்கள். தலையில் பேன் இருக்கிறதா என்று ஒருத்தி பார்த்துவிட்டு, இல்லை என்று சொன்னாள். லாரியில் மூட்டை ஏற்றும் முத்தையா மதியச் சாப்பாட்டுக்குப் பாத்திக்கே வரத் தொடங்கினான். வந்து பிள்ளைக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, எதுவும் கேட்காமல், அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அவன் வாய்க்குப் பாட்டு வராது, சின்ன வயதிலிருந்தே ராகம் அவனிடம் நிற்காது. “ஏளா, இன்னொரு தரம் படியேன்” என்று பெண்டாட்டியிடம் கேட்பான். அவளும் படிப்பாள். “கொலுசு கெடைக்கலம்மா” என்று பிள்ளை மறுபடியும் சொல்லும், “கெடைக்காட்டி போகுது” என்று அவளும் மறுபடியும் சொல்லுவாள், ஒரு நாளும் அந்தப் பதில் பிள்ளையின் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

ஆடி மாதம் அம்மன் கொடைக்குக் கச்சேரி செய்ய, டவுனிலிருந்து ஜெபசிங் தன் மெல்லிசைக் குழுவோடு வந்தான். பந்தலுக்கு மைக்செட் வருவதற்கு நேரமானதால், நிழல் தேடி உப்பளத்துக் கொட்டகைப் பக்கம் வந்தவன், பிரம்மசக்தி பாடுவதையும் பிள்ளை வருவதையும் பார்த்துவிட்டு, இரண்டில் எதற்கு மலைப்பது என்று தெரியாமல், கடைசியில் பாட்டுக்கே மலைத்தான். அவன் தொழில் அப்படி. அடுத்தவர் பாட்டை அடுத்தவர் குரலில் பாடியே பிழைத்தவன், யாருடைய குரலும் ஏறாத ஒரு பாட்டை அதுவரை கேட்டதில்லை.

“யக்கா, இந்தப் பாட்ட நான் மேடையில படிக்கட்டுமா?” என்றான்.

“நீ படிச்சா என்ன ஆகும்?”

“நாலு ஊரு கேக்கும்க்கா.”

பிரம்மசக்தி யோசித்தாள். நான் ஒருத்தி கூப்பிட்டே வருகிறாள், நாலு ஊர் கூப்பிட்டால் ஒருவேளை வந்தவள் போகாமலேயே இருந்துவிடுவாள் என்று அவளுக்குத் தோன்றியது. அதை அவனிடம் சொல்லவில்லை. “படி தம்பி. பேரை மட்டும் மாத்தாத” என்றாள்.

ஜெபசிங் பெயரை மாற்றவில்லை. அன்று சாயங்காலம் கொடைப் பந்தலில், கீபோர்டும் தபேலாவும் சேர, தன் குரலில் அவன் அதைப் பாடியபோது, வெயிலாச்சி ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கூட்டம் விலகி இடம் விட்டது. விளக்கு வெளிச்சத்தில் பிள்ளையைப் பார்த்த பிரம்மசக்திக்கு, பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவில் மகள் மேடையேறியது போல நெஞ்சு விம்மியது. அடுத்த வாரம் அவன் வேறு ஊரில் பாடினான், அதற்கடுத்து இன்னொரு ஊரில். பாத்தியில் பிரம்மசக்தி கூப்பிட்டால் பிள்ளை கொஞ்சம் தாமதமாக வந்து, “ஒரு எடத்துல கூப்பிட்டாக, அங்க போயிட்டுதான் வாரேன்” என்றது. ஊர் பார்க்கப் போய்வரும் பிள்ளையைக் கேட்பதைப் போல, “அங்க என்ன பாத்த?” என்று உப்பளத்துப் பெண்கள் கேட்டார்கள். ராட்டினம் பார்த்தேன் என்றது. ஆனை பார்த்தேன் என்றது.

அதன் பிறகு கேசட் வந்தது. டீக்கடையிலும் மினி பஸ்ஸிலும் சலூனிலும் ஜெபசிங்கின் குரல் ஓயாமல் ஒலித்தது. பெட்டி பாடினால் வெயிலாச்சி வரமாட்டாள், உயிருள்ள தொண்டை பாடினால்தான் வருவாள். ஆனால் பெட்டி பாடும்போது கூடவே முணுமுணுக்காமல் இருக்க யாராலும் முடியவில்லை. மாவாட்டுகிறவர்கள் முணுமுணுத்தார்கள், செங்கல் சூளையில் கல் அடுக்குகிறவர்கள் முணுமுணுத்தார்கள், பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் பேனாவைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார்கள், முணுமுணுத்த இடத்திலெல்லாம் பச்சைப் பாவாடையோடு ஒரு பிள்ளை வந்து நின்றது. பத்திரிகைக்காரர்கள் சில நாள் எழுதிவிட்டு, பருவமழை பிந்தியதும் அதை எழுதப் போய்விட்டார்கள். அவள் எதனால் வருகிறாள் என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். வந்தவளை எங்கே உட்காரவைப்பது என்பதுதான் எல்லோருக்கும் யோசனையாக இருந்தது. கல்யாண மண்டபங்களில் பந்தி ஓரத்தில் ஒரு இலை கூடுதலாகப் போட்டார்கள். ஓடும் பஸ்ஸுக்குள் யாராவது பாடினால் பஸ்ஸுக்குள்ளேயே அவள் வந்துவிட்டதால், கண்டக்டர்கள் அவளுக்கு டிக்கெட் கிழிப்பதா வேண்டாமா என்று மேலிடத்தில் கேட்டு, பதில் வராததால் கிழிக்காமல் விட்டார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா அவளையும் வரிசையில் நிற்கவைத்துத் தட்டைக் கொடுத்தாள். உனக்கு அம்மா இல்லையா என்று அவளிடம் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

பிறகு சென்னைப் படக்காரர்கள் அந்தப் பாட்டை எடுத்தார்கள். வெயிலாச்சி என்ற பெயர் திரையில் நிற்காது என்று அதை வெண்ணிலா ஆக்கினார்கள், உப்பை மல்லிகை ஆக்கினார்கள், ஒற்றைக் கொலுசு தரித்திரம் என்று ரெண்டு கொலுசும் சிணுங்க என்று மாற்றினார்கள், காதலன் காதலியைக் கூப்பிடுவதாக அது வெளிவந்து, ஜெபசிங்கின் குரலையே ஜனங்கள் மறந்துபோகும் அளவுக்குப் பரவியது. அந்தப் படம் ஓடிய மாதத்தில் ஒரு மதியம், பிரம்மசக்தி பாத்தியில் நின்று, தான் முதல்முதல் பாடியபடியே பாடியபோது, பட்டுப்பாவாடையோடு, கன்னத்தில் ரோஸ் பவுடரோடு, இரண்டு காலிலும் கொலுசு சிணுங்க மகள் வந்து உட்கார்ந்தாள். பிரம்மசக்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டாள். பவுடர் போகவில்லை.

“கொலுசு கெடச்சிட்டா?” என்றாள்.

“எந்தக் கொலுசு?” என்றது பிள்ளை.

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் அத்தனை நாளும் காத்திருந்தாள் என்று சொல்ல வேண்டும், தேடியதைப் பிள்ளை மறந்துவிட்டது, தாய் சொன்ன கடுஞ்சொல்லையும் அதோடு மறந்திருக்கும். ஆனால் அதைக் கேட்டதும் பிரம்மசக்திக்கு நிம்மதி வரவில்லை. அவள் பிள்ளையிடம் அதன் பெயரைக் கேட்டாள். பிள்ளை பதில் தெரியாமல் அம்மாவின் முகத்தைப் பார்த்தது. அப்போதுதான் அதன் காலைக் கவனித்தாள், பாதம் முழுக்கக் கொப்புளம் வெடித்து, வெடித்த இடத்தில் எந்தெந்த ஊர் மண்ணோ அப்பியிருந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோலத்தில்தான் வந்தாள். கோயில்களில் அம்மன் பெயரைப் போட்டுப் பாடினார்கள், மஞ்சள் பூசி வந்தாள். தேர்தலில் வேட்பாளர் பெயரைப் போட்டுப் பாடினார்கள், கையில் கொடியோடு வந்தாள். கல்லூரிப் பிள்ளைகள் டிரம்ஸோடு வேகமாகப் பாடினார்கள், மூச்சு வாங்க வந்தாள். மலேசியாத் தோட்டத்தில் யாரோ பாடினார்கள், தலையெல்லாம் நனைந்து வந்து, “அங்க மழை” என்றாள். எந்த ஊர்ப் பேச்சு என்று சொல்ல முடியாத ஒரு பேச்சு அவள் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகும், சொருகும்போதே யாராவது எங்கேயாவது பாடுவார்கள், எழுந்து போய்விடுவாள்.

பிரம்மசக்தி பஸ் ஏறி டவுனுக்குப் போய் ஜெபசிங்கைப் பார்த்தாள். அவன் குழுவைக் கலைத்துவிட்டு, ஒரு சின்னக் கடையில் மைக்செட் பழுதுபார்த்துக்கொண்டிருந்தான்.

“பாட்ட நிறுத்து தம்பி” என்றாள்.

“நான் எப்பவோ விட்டுட்டேன்க்கா. பந்தலுக்குப் பந்தல் அதைத்தான் கேட்டாக. படிக்க மாட்டேன்னேன், மேடையில கல்லு விழுந்துச்சு. எறங்கிட்டேன்.”

“பெறகு எப்படிப் பாட்டு நிக்கல?”

“அதுக்கு நான் வேண்டாம்க்கா இப்ப. நீங்களும் வேண்டாம்.”

சொல்லிவிட்டு அவனே சங்கடப்பட்டான். கடையைப் பூட்டிவிட்டு, வாங்கக்கா, பாடுகிறவர்களை நேரில் போய்க் கேட்டுப் பார்ப்போம் என்று அவளோடு கிளம்பினான். பஸ் நிலையத்து டீக்கடையில் முதலில் கேட்டார்கள். டீ மாஸ்டர் நல்ல மனுஷன். பெற்றவள் கேட்கிறாளே என்று கலங்கிப்போய், கேசட்டை எடுத்து அடுப்பிலேயே போட்டான், இனி இந்தக் கடையில் அந்தப் பாட்டு கிடையாது என்று சத்தியம் செய்தான், அவர்களுக்கு டீ ஆற்றத் தொடங்கினான், ஆற்றுகிறபோதே கையின் ஏற்ற இறக்கத்துக்கு அவன் தொண்டையிலிருந்து அது தானாகக் கிளம்பியது, பெஞ்சில் பிரம்மசக்திக்குப் பக்கத்தில் பிள்ளை வந்து உட்கார்ந்தது. டீ மாஸ்டர் தன் வாயிலேயே அறைந்துகொண்டான். “அடிக்காதீக” என்றாள் பிரம்மசக்தி. பிள்ளை அவள் தோளில் சாய்ந்தது, ஆனால் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் மேல் தூக்கத்தில் சாய்வது போலத்தான் சாய்ந்தது.

மணல்துறை என்ற கடற்கரை ஊரில் லூர்தம்மாள் என்ற ஒருத்தி காலையிலிருந்து சாயங்காலம்வரை அதை ஓயாமல் பாடுகிறாள், பிள்ளை முக்கால்வாசி நேரம் அங்கேதான் இருக்கிறது என்று டீ மாஸ்டர் சொன்னான். அங்கே போனார்கள். ஜெபசிங் தெருமுனையில் நின்றுகொண்டான், உள்ளே வரத் தனக்கு முகமில்லை என்றான். பிரம்மசக்தி மட்டும் போனாள். வழியெல்லாம் என்ன கேட்பது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனாள், யாரைக் கேட்டு என் பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கிறாய் என்று கேட்க வேண்டும், உன் வாயில் உப்பு விழட்டும் என்று சொல்ல வேண்டும்.

வீட்டுக்குள் லூர்தம்மாள் வலைக்கயிறு முறுக்கிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். சூசை சூசை வீட்டுக்கு வா என்று பாடினாள். படகு வந்தாச்சு, வள்ளம் வந்தாச்சு, வீட்டுக்கு வா என்று பாடினாள். தரையில், பொத்தான் ஒன்று அறுந்த ஆண்பிள்ளைச் சட்டையும் அரைக்கால் டவுசரும் போட்டு, முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, வெயிலாச்சி உட்கார்ந்திருந்தாள். முன்னால் தட்டில் மீன்சோறு இருந்தது.

“யாரு தாயி?” என்றாள் லூர்தம்மாள்.

பிரம்மசக்தி வாசலிலேயே நின்றாள். “இது யாரு?” என்றாள்.

“எம் மவன் சூசை. கடலுக்குப் போனவன் வரல. உடம்பும் ஒதுங்கல, மண்ணள்ளிப் போடக்கூட வழியில்லாமப் போச்சு. இந்தப் பாட்டு ரேடியோவுல வந்துச்சு பாரு, யாரு கட்டுன பாட்டோ, மகராசி, அவ நல்லாயிருக்கணும். எம் மவன் பேரைப் போட்டுப் படிச்சேன். வந்துட்டான்.”

“இது பொம்பளப்புள்ளல்லா?”

லூர்தம்மாள் கயிறு முறுக்குவதை நிறுத்தினாள். பிள்ளையைப் பார்த்தாள். “தெரியும்மா” என்றாள். “பெத்தவளுக்குத் தெரியாதா. அவன் மூக்கு இப்படி இருக்காது. ஆனா கூப்பிட்டா ஒண்ணு வருதே. வந்து உக்காருதே. எனக்கு அது போதும்னு வச்சுக்கிட்டேன்.”

பிள்ளை நிமிர்ந்து வாசலைப் பார்த்தது. பிரம்மசக்தியை அடியிலிருந்து முடிவரை பார்த்தது. லூர்தம்மாளிடம் திரும்பி, “இவுக யாரும்மா?” என்று கேட்டது.

லூர்தம்மாளும் அந்தப் பதிலுக்காகத் தலையைத் தூக்கினாள். தெருவில் மீன்காரர்களின் சத்தம் கேட்டது. பிரம்மசக்தி வாயைத் திறந்தாள், வழியெல்லாம் சேர்த்துவைத்த சொல் அத்தனையும் நாக்கு நுனியில் இருந்தது, எதிரே இருந்தவளின் முகத்தில், சுவர் பார்க்கிறது என்று தான் பாத்திக்கு ஓடிய அன்றைய தன் முகமே இருந்தது.

“உப்பு விக்க வந்தேன்” என்றாள். “வேணுமான்னு கேட்டேன்.”

“இன்னிக்கு வேண்டாம் தாயி. இன்னொரு நாளைக்கு வா.”

திரும்பி வரும் வழியில் ஜெபசிங் என்ன ஆயிற்று என்று கேட்டான். “உப்பு வேண்டாமாம்” என்றாள். பஸ்ஸில் பெட்டி பாடியது, அவள் காதைப் பொத்திக்கொள்ளவும் இல்லை. ஒவ்வொருத்தர் வீட்டிலும் வராத ஒரு ஆள் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. இருக்கிற சனமெல்லாம் வீட்டுக்கு வா என்று யாரையோ கூப்பிட, அந்த யாரோ யாருக்கும் வராமல், எல்லோருக்கும் சேர்த்து அவள் பெற்ற ஒருத்தியே நடந்துகொண்டிருக்கிறாள். மற்றவர்கள் வாயை அடைக்க அவளால் முடியாது. ஒரு வாயை அடைக்க முடியும். பிரம்மசக்தி அன்றிலிருந்து பாடுவதை நிறுத்தினாள், பிள்ளைக்கு ஒரு நடை மிச்சமாகட்டும் என்று.

முத்தையாவால் அதைப் பொறுக்க முடியவில்லை. மதியம் பாத்திக்கு வந்து வெறும் வரப்பின் எதிரே குத்தவைத்து உட்கார்ந்தான்.

“படி” என்றான்.

“மாட்டேன்.”

“ஊரெல்லாம் எம் புள்ளயப் பாக்குது. நான் மட்டும் பாக்கக் கூடாதா?”

“அவ காலைப் பாத்தீயளா நீங்க?”

“பாத்தேன். அதுக்கு? ஒரு தரம் கூப்பிடுளா. ஒரே தரம்.”

அவள் பலகையை இழுத்துக்கொண்டு போனாள். முத்தையா எழுந்து, வரப்பின் கிழக்குக் கோடிவரைக்கும் போய், யாருக்கும் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகப் பாடிப் பார்த்தான். சொல்லெல்லாம் சரியாக இருந்தது, ராகம் நிற்கவில்லை. ஒரு இடத்தில் அடிவயிற்றுக்கு இறங்கியது, ஒரு இடத்தில் கிழிந்தது. மறுபடியும் பாடினான். உப்பளத்துப் பெண்கள் கூட ஒரு வாய் சேர்ந்து கொடுத்திருக்கலாம், பிரம்மசக்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு யாரும் சேரவில்லை. பிள்ளை வரவில்லை. அவன் பாடியது அந்தப் பாட்டுத்தான் என்று அதற்குத் தெரியாமல் போயிருக்கும். அவன் திரும்பி வந்து, தூக்குச்சட்டியைத் திறந்து, சாப்பிடாமல் மூடி, லாரிக்குப் போய்விட்டான். அதன் பிறகு மதியச் சாப்பாட்டை அவன் லாரியிலேயே முடித்துக்கொண்டான், வீட்டிலும் பேச்சு குறைந்துபோயிற்று, இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்து இரண்டு சுவரைப் பார்த்துக்கொண்டார்கள்.

வருஷங்கள் போயின. பாட்டு பழசாகிவிடும் என்று ஜெபசிங் ஆறுதல் சொல்லியிருந்தான், இரண்டு தீபாவளிக்கு மேல் எந்தப் பாட்டும் தாங்காது என்றிருந்தான். ஒவ்வொரு முறையும் அது தேய்ந்து அடங்கும் நேரத்தில் யாராவது புதுசாக ஒருவர் வந்து, வேறு வாத்தியம் போட்டு, வேறு பெயர் போட்டு, அதைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போனார். கேசட் போய் சி.டி. வந்து, சி.டி. போய் எல்லார் கையிலும் செல்போன் வந்தது. இது யார் பாட்டு என்று டி.வி. போட்டியில் கேட்டார்கள், பாடுகிற பிள்ளை சினிமாப் பேரைச் சொல்லிப் பரிசு வாங்கிற்று. வெயிலாச்சி ஓரத்தில் வந்து நின்றாள், கேமராக்காரர்கள் பழக்கமாக அவளைப் படச்சட்டத்துக்கு வெளியே விட்டுப் படம் பிடித்தார்கள். அவள் வளரவில்லை, தேய்ந்தாள். முகம், பல பேர் தொட்ட காசைப் போல, யாருடையது என்று சொல்ல முடியாமல் மழுங்கிவிட்டது. ஜனங்கள் அவளுக்கு இரக்கப்பட்டு ரோட்டோரத்தில் தண்ணீர்ப் பானை வைத்தார்கள், சில ஊர்களில் நிழலுக்கு ஓலைக் கொட்டகை போட்டார்கள், போட்டுவிட்டு அந்த நிழலில் உட்கார்ந்து அதே பாட்டைப் பாடினார்கள்.

கண் மங்கிப்போய் வேலைக்குப் போவதை விட்டபின், பிரம்மசக்தி வீட்டு வாசலில் தென்னங்கீற்று நிழலில் ஒரு பாய் விரித்து வைப்பாள். கூப்பிட மாட்டாள். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகிற வழியில் இந்தப் பக்கம் வந்தால் உட்காரட்டும் என்று வைத்திருந்தாள். வெகுநாள் யாரும் வரவில்லை. ஒரு சித்திரை மதியம், சைக்கிள் கூட ஓடாத வெயிலில், உப்பளத்து ரோட்டிலிருந்து வெயிலாச்சி இறங்கி வந்தாள். எவரோ போட்டுவிட்ட பெரிய சட்டை, மேலே ஒரு துண்டு. வாசலில் நின்று, “கொஞ்சம் படுத்துக்கிடட்டுமா?” என்று அந்நியர் வீட்டில் கேட்பதைப் போலக் கேட்டாள்.

“படு” என்றாள் பிரம்மசக்தி.

பிள்ளை படுத்ததும் தூங்கிவிட்டது. முத்தையா உள்ளேயிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிரம்மசக்தி விசிறினாள். சேதி எப்படிப் போயிற்றோ, தெரு அடங்கிற்று. சலூனில் பாட்டை நிறுத்தினார்கள், மினி பஸ் டிரைவர் ஊருக்கு வெளியிலேயே வண்டியை ஓரங்கட்டினான், பாத்தியில் பெண்கள் பலகையைக் கீழே வைத்துவிட்டு உதட்டை மடக்கிக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெள்ளைத்திட்டில் ஒரு தொண்டையும் அசையவில்லை. கடலும் அன்றைக்கு இல்லாதது போலிருந்தது. பிள்ளையின் மூச்சு மட்டும், சளி கட்டிய மூச்சு, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இப்படியே பொழுது சாயும்வரை தூங்கினால் போதும் என்று முத்தையா நினைத்தான். கதவிலிருந்து கையை எடுத்தால் சத்தம் வருமோ என்று எடுக்காமலே நின்றான்.

பிள்ளை கண்ணைத் திறந்தது. முழுசாகத் திறக்காமலே எழுந்து உட்கார்ந்தது.

“கூப்பிடுதாக” என்றது.

“இங்க யாரும் கூப்பிடலையே தாயி. படுத்துக்கோ.”

“தூரத்துல.”

“யாரு?”

“தெரியல. ஒரு பொம்பள. அழுதுக்கிட்டே படிக்குதாக.”

முத்தையா கீழே இறங்கி வந்து பாயின் ஓரத்தில் முழங்காலிட்டான். “வுட்டுராதளா” என்றான். “பிடிச்சுக்கோ.”

பிரம்மசக்தி பிள்ளையை இழுத்துத் தன் முன்னால் உட்காரவைத்தாள். ஒட்ட வெட்டியதும் வளர்ந்ததுமாகக் கலைந்து கிடந்த முடியை விரலாலேயே கோதி, சிக்கெடுத்து, இரண்டு பக்கமும் பின்னி, தன் சேலை ஓரத்தைக் கிழித்து முடிந்துவிட்டாள். பிள்ளை பொறுமையில்லாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. முடிந்ததும் தோளைத் திருப்பி அந்த மழுங்கிய முகத்தைப் பார்த்தாள். ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட அவளுக்கு அந்தக் கணம் போதுமானதாக இருந்தது. கூப்பிடவில்லை.

“அழுதுக்கிட்டாக்கும் படிக்குதா?” என்றாள்.

“ஆமா.”

“அப்ப போ தாயி. நிக்காத, சீக்கிரம் போ.”

பிள்ளை எழுந்து ரோட்டில் ஏறியது. முத்தையா அது போன பக்கத்தையே பார்த்து நின்றான். பிரம்மசக்தி திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளை படுத்திருந்த இடம் பாயில் இன்னும் சூடாக இருந்தது, அது ஆறுகிறவரைக்கும் அதன் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.